மைனஸ் பதினெட்டு

மின்வெட்டு அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம்.
அதற்குத் தயாராகத்தான் இருந்தோம்.
நிலத்தடிக் கேபிளை யாரோ வெட்டி எடுத்துப்போனது
அட்டவணையில் இல்லை.

டர்பன், ஞாயிறு, இரவு ஒன்பது மணி.
எங்கள் துறை என்பது
மூன்றாம் மாடியில் இரண்டு அறை, நான்கு பேர்,
அரைச் சம்பளத்தில் ஒரு புள்ளியியலாளர்,
ஓர் உறைபெட்டி.
உறைபெட்டிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

எண்ணெய் ஆலைச் சுவரோரம்
மெர்பேங்கில் குடியிருப்பவர்கள் பாதி.
கடற்காற்று நேரே ஜன்னலுக்கு வரும்
மேட்டுத் தெருக்காரர்கள் மீதி.
ஒரே நகரம், ஒரே வயது.
ஒரு பாதி மட்டும் படிக்கட்டில் நின்று நின்று ஏறுகிறது.

ஏனென்று மெர்பேங்கில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும்
புகைபோக்கியைக் காட்டும்.
அந்த விரலை வரைபடமாக்கத்தான்
எங்களுக்கு ஆறு வருடம்.

முன்பும் ரத்தம் எடுத்தார்கள்.
பெட்டியில் அடைத்து விமானம் ஏற்றினார்கள்.
நாங்கள் பார்க்காத ஊரெல்லாம்
எங்கள் தெருவின் ரத்தம் பார்த்திருக்கிறது.
திரும்பி வந்தது ஒரு கட்டுரை.
அதைத் திறந்து படிக்க முப்பத்தைந்து டாலர்.

அதனால்தான் இந்த உறைபெட்டி.
மானிய விண்ணப்பத்தில் அதன் பெயர் 'திறன் வளர்ப்பு'.
மைனஸ் எண்பது காட்டவேண்டிய சிவப்பு எண்
எழுபத்தொன்று என்றது.
கொஞ்ச நேரத்தில் அறுபத்தாறு.

ஸிபுயிலே போனை வைக்கவேயில்லை.
மருத்துவமனையில் இடமில்லை.
தனியார் ஆய்வகம் திங்கட்கிழமை பேசுமாம்.
உலர்பனிக்காரர் ஞாயிறு தேவாலயத்துக்குப் போனவர்
இன்னும் திரும்பவில்லை.
"பெரிய குளிர்பெட்டி, சொந்த ஜெனரேட்டர்,
உனக்குத் தெரிந்து யாரிடம் இருக்கிறது?" என்றாள்.

பூபாலன். மீன்கடை.

விளக்கணைந்த சந்திகளை
ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக் கடந்தோம்.
பனியனோடு வந்து ஷட்டரைத் தூக்கினார்.
ஷாட் மீன் கூடைகளை நகர்த்தி இடம் செய்தார்.
வாசலில் ஜெனரேட்டர் டீசல் புகையைக் கக்கியது.
பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து
இரண்டு இழுப்பு இழுத்தார்.
நான் அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்,
தொழில் புத்தி.

"இதில் நான் எங்கே?"
குழாய்களில் வெறும் எண்கள்.
"சொல்லக்கூடாது, அண்ணா. நெறிமுறை."
"என் கடைக்குள்ளேயே நான் எங்கே என்று
எனக்குத் தெரியக்கூடாதா?"
சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் கேட்டார்:
"இதற்கு எவ்வளவு குளிர் வேண்டும்?"
மைனஸ் எண்பது என்றேன்.
"என்னுடையது பதினெட்டு.
மீனுக்குப் போதும்."

அறுபத்திரண்டு டிகிரி.
ஏற்றத்தாழ்வு என்ற சொல்லுக்கு
எத்தனையோ கருத்தரங்குகளில் விளக்கம் எழுதியிருக்கிறேன்.
இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

தொண்ணூற்றேழு குழாய்கள் கெட்டுப்போயின.
கட்டுரையின் 'குறைபாடுகள்' பகுதியில் ஒரு வரி சேர்த்தோம்:
மாதிரிகள் பதினொரு மணி நேரம்
மைனஸ் பதினெட்டில் இருந்தன.
எந்த நிறுவனத்தில் என்று
கடல் தாண்டிய மதிப்பீட்டாளர் கேட்டார்.
ஸிபுயிலே அப்படியே எழுதினாள்:
பூபாலன் மீன்கடை, மெர்பேங்க்.
நீக்கிவிடலாமே என்று கனிவாகச் சொன்னார்கள்.
அவள் நீக்கவில்லை.

அடுத்த விண்ணப்பத்தின் முதல் வரி, ஜெனரேட்டர்.
உபகரணம் ஆராய்ச்சி ஆகாது என்று திரும்பி வந்தது.
மறுபடி அனுப்பியிருக்கிறோம்.

இடையில் அந்தத் தொண்ணூற்றேழு வீடுகள்.
உங்கள் ரத்தத்தைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்ல
கதவு கதவாகப் போனோம்.
திட்டு வாங்கத் தயாராய்ப் போனோம், வாங்கவும் வாங்கினோம்.
தனபாக்கியம் மூன்சாமி மட்டும்
கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்
வெகுநேரம் பேசாமல் நின்றார்.

"எடுத்துப்போனவர்கள் யாரும்
இதுவரை திரும்பி வந்ததில்லை,
தொலைத்தோம் என்று சொல்லக்கூட."

பூட்டைத் திறந்தார்.
உட்கார்ந்து கைச்சட்டையை மடித்தார்.
"போன தடவை வலது.
இந்தத் தடவை இடது கையில் எடு."